அண்மையில் பார்த்த படங்கள்: கருத்தெழுதவும் மதிப்பெண் இடவும் ஒரு தொடக்க வழிகாட்டி

அண்மையில் பார்த்த படங்களைப் பற்றிச் சில வரிகள் எழுதி, கூடவே ஒரு மதிப்பெண்ணும் இட விரும்பும் புதியவர்களுக்காக இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. முழுநீள விமர்சனம் வேறு வகை வேலை. அதற்குத் திரைப்பட வரலாற்றில் பழக்கமும் நீண்ட பயிற்சியும் தேவை. இங்கே பேசப்போவது, ஒரு மாதத்தில் பார்த்த நான்கைந்து படங்களுக்கு, படத்துக்கு நூறு முதல் இருநூறு சொற்களில் எழுதப்படும் சிறுகுறிப்பைப் பற்றி மட்டுமே. அத்தகைய குறிப்பு சரியாக அமைந்ததா என்று சோதிக்க ஒரு கேள்வி போதும் என்பது என் கருத்து. உங்களுக்குப் பிடிக்காத ஒரு படத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படிக்கும் ஒருவர், 'இவர் குறையாகச் சொல்வதெல்லாம் எனக்குப் பிடித்த விஷயங்களாயிற்றே, நான் பார்க்கலாம் போலிருக்கிறது' என்று தாமாகவே முடிவெடுக்க முடிகிறதா? முடிகிறதென்றால் குறிப்பு தன் வேலையைச் செய்துவிட்டது. கீழே வரும் படிகள் அனைத்தும் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வதற்கான வழிகளே.

படம் முடிந்த இரவும் மறுநாளும்

முதல் வேலை குறிப்பெடுப்பது. படம் ஓடும்போது எழுத வேண்டாம். கண் திரையை விட்டு விலகும் நேரத்தில் ஒரு பார்வையோ ஒரு சிறு ஓசையோ தப்பிப்போகும். பிறகு அந்த இடம் புரியவில்லை என்று படத்தின் மேல் பழி விழும். பார்த்த அன்றே, உறங்கப்போகும் முன், முயற்சியின்றி நினைவுக்கு வரும் இரண்டு மூன்று காட்சிகள், கவனம் சிதறிய இடம், பார்க்க உட்காரும்போது இருந்த எதிர்பார்ப்பு, எழும்போது மனத்தில் மேலோங்கியிருந்த உணர்ச்சி ஆகியவற்றைத் துண்டுச் சொற்களாக எழுதி வைத்தால் போதும். மதிப்பெண்ணை மட்டும் மறுநாளுக்குத் தள்ளி வையுங்கள்.

இப்படித் தள்ளி வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓர் அனுபவத்தைப் பின்னர் நினைத்து மதிப்பிடும்போது நாம் அதன் முழு நீளத்தையும் கணக்கில் எடுப்பதில்லை, அதன் உச்சத் தருணமும் முடிவுமே நம் தீர்ப்பைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்று பார்பரா ஃப்ரெட்ரிக்சன், டேனியல் கானமன் ஆகிய உளவியலாளர்கள் 1993-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். அந்த ஆய்வில் பங்கேற்றவர்களுக்கு அவர்கள் போட்டுக்காட்டியவையும் சிறுசிறு படத்துண்டுகளே. க்ளைமாக்ஸ் கண்ணீரை வரவழைத்துவிட்டால் அதற்கு முன் ஒரு மணி நேரம் நெளிந்துகொண்டிருந்ததை நாம் மன்னித்துவிடுவதும், கடைசிப் பத்து நிமிடம் சொதப்பினால் அதுவரை ரசித்ததையெல்லாம் மறுதலிப்பதும் இதனால்தான். மறுநாள் காலையில் முந்தைய இரவின் குறிப்பை எடுத்துப் பார்த்து, படத்தின் நடுப்பகுதியைப் பற்றி உங்களையே கேட்டுக்கொண்ட பிறகு இடும் எண் ஓரளவு நிதானமானதாக இருக்கும். முடிவு உண்மையிலேயே படத்தைத் தூக்கி நிறுத்துகிறது என்றால் அப்போதும் அந்த உயர்ந்த எண்ணே வரும்; இழப்பு ஒன்றுமில்லை.

இந்தக் குறிப்பை எழுதி முடிக்கும்வரை பிறருடைய விமர்சனங்களைப் படிக்காமல் இருப்பது நல்லது. 2013-இல் சயன்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வில், செய்திப் பகிர்வுத் தளம் ஒன்றில் இடப்பட்ட கருத்துகளுக்குத் தொடக்கத்திலேயே ஒரே ஒரு ஆதரவு வாக்கைச் செயற்கையாகப் போட்டுவைத்தார்கள். அக்கருத்துகளின் இறுதி மதிப்பு சராசரியாக 25 விழுக்காடு கூடியது. யாரென்றே தெரியாத ஒருவரின் ஒற்றை வாக்குக்கே அவ்வளவு இழுப்பு இருக்கும்போது, நீங்கள் மதிக்கும் விமர்சகர் ஒருவரின் நான்கு நட்சத்திரங்கள் உங்கள் கையைப் பிடித்து எழுதவைக்காது என்று சொல்ல முடியாது. உங்கள் குறிப்பு தாளில் இறங்கிய பிறகு தாராளமாகப் படியுங்கள். நீங்கள் கவனிக்கத் தவறியதை அவர்கள் சொல்லியிருந்தால் அதை அவர்கள் பெயரோடு சேர்த்துக்கொள்ளலாம்.

எப்படிப் பார்த்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள்

இதற்கு ஒரு வரி போதும், ஆனால் அந்த ஒரு வரியைப் பலர் எழுதுவதில்லை. திரையரங்கிலா, வீட்டுத் தொலைக்காட்சியிலா, கைப்பேசியிலா; மூல மொழியில் சப்டைட்டிலுடனா, டப்பிங்கிலா; ஒரே அமர்விலா, மூன்று இரவுகளில் விட்டுவிட்டா என்பவை உங்கள் தீர்ப்பை நேரடியாகப் பாதிக்கக்கூடியவை. இருட்டான காட்சிகள் நிறைந்த படத்தைப் பகல் வெளிச்சத்தில் கைப்பேசியில் பார்த்துவிட்டு ஒளிப்பதிவைக் குறை சொல்வது முறையாகாது. டப்பிங்கில் பார்த்தவர் நடிகரின் வசன உச்சரிப்பைப் புகழ்வதும் அப்படியே. பாதியில் நிறுத்திவிட்டால் எந்த இடத்தில், எதனால் நிறுத்தினீர்கள் என்று எழுதிவிட்டு, மதிப்பெண் இடாமல் விட்டுவிடுங்கள். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்த படத்துக்கும் இதே விதிதான் பொருந்தும், ஏனெனில் படத்தொகுப்பாளர் அளந்து வைத்த மௌனங்களை நீங்கள் பார்க்கவே இல்லை.

கதையை எவ்வளவு சொல்வது

இரண்டு வாக்கியங்கள் போதும். யார், அவருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது என்ற மூன்றும் அதில் வந்துவிட்டால் படிப்பவருக்குக் களம் பிடிபட்டுவிடும். படத்தின் முதல் கால் பகுதிக்குள் நடப்பதைத் தாண்டாமல் இருப்பது பாதுகாப்பான எல்லை; ட்ரெய்லரிலேயே வந்துவிட்டது என்பதற்காக அதற்கு மேல் சொல்ல உங்களுக்கு உரிமை வந்துவிடாது, ட்ரெய்லர் பார்ப்பதைத் தவிர்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

"கடைசியில் யாரும் எதிர்பாராத ஒரு ட்விஸ்ட் இருக்கிறது, அதை நான் சொல்லப்போவதில்லை" என்று எழுதுபவர்கள் தாங்கள் எதையும் கெடுக்கவில்லை என்று நம்புகிறார்கள். உண்மையில் அந்த வாக்கியமே பாதிக் கதையைப் போட்டு உடைத்துவிடுகிறது. அதைப் படித்தவர் படம் முழுவதும் கதாபாத்திரங்களைச் சந்தேகக் கண்ணோடு பார்த்துக்கொண்டிருப்பார். 2011-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் இருவர், முடிவை முன்கூட்டியே அறிந்து சிறுகதைகளைப் படித்தவர்கள் அவற்றைச் சற்று அதிகமாகவே ரசித்தார்கள் என்று கண்டறிந்தது உண்மைதான். ஆனால் தெரிந்துகொண்டு பார்ப்பதா, தெரியாமல் பார்ப்பதா என்பதை முடிவுசெய்ய வேண்டியவர் பார்வையாளரே அன்றி நாம் அல்லர். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1960-இல் தம் படம் ஒன்று தொடங்கிய பிறகு வருபவர்களை அரங்குக்குள் விடக்கூடாது என்று திரையரங்குகளுக்கு நிபந்தனை விதித்ததும், எந்த வரிசையில் எதை அறிய வேண்டும் என்பது படைப்பின் ஒரு பகுதி என்பதால்தான். முடிவைத் தொடாமல் உங்கள் கருத்தைச் சொல்லவே முடியாத படங்கள் உண்டு. அப்போது அந்தப் பத்தியைத் தனியே பிரித்து, அதன் தலைப்பில் ஸ்பாய்லர் என்று எச்சரித்துவிட்டு எழுதுங்கள்.

காரணம் சொல்வது

எல்லாப் படிகளிலும் அதிக உழைப்பைக் கேட்பது இதுதான். ஒரு படத்தைக் கற்பனை செய்துகொள்வோம்: ஓய்வுபெற்ற காவல் அதிகாரி ஒருவர், தாம் முன்பு முடித்துவைத்த வழக்கில் தவறான ஆளைச் சிறைக்கு அனுப்பிவிட்டோமோ என்ற ஐயத்தில் மீண்டும் விசாரிக்கத் தொடங்குகிறார். இதைப் பார்த்த புதியவர் ஒருவர் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவார்: "முதல் பாதி அருமை, இரண்டாம் பாதி இழுவை. ஹீரோ நடிப்பு சூப்பர். பின்னணி இசை வேற லெவல். ஒருமுறை பார்க்கலாம்."

இந்த நான்கு வாக்கியங்களில் எதுவும் பொய்யில்லை. ஆனால் இவற்றை இதுவரை வெளிவந்த எந்தப் படத்தின் மேலும் அப்படியே ஒட்டிவிடலாம். அதுதான் இவற்றின் குறை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் 'எதைப் பார்த்து இப்படிச் சொல்கிறேன்' என்று கேட்டுக்கொண்டு போனால் குறிப்பு வேறு வடிவம் எடுக்கும். "விசாரணை தொடங்கும் வரையிலான பகுதியில், அதிகாரி தம் பழைய கோப்புகளை வாசிக்கும் காட்சிகள் வசனமே இல்லாமல் நகர்கின்றன, அவருடைய குற்றவுணர்ச்சியை நாம் அவர் பக்கம் புரட்டும் வேகத்திலிருந்தே ஊகிக்கிறோம். பின்பகுதியிலோ, நாம் ஏற்கெனவே ஊகித்துவிட்ட செய்தியை மூன்று வெவ்வேறு பாத்திரங்கள் வாய்விட்டுச் சொல்கிறார்கள். சிறையில் இருப்பவரைச் சந்திக்கும் காட்சியில் நடிகர் மன்னிப்புக் கேட்காமல் நாற்காலியைச் சரிசெய்துகொண்டே இருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அதே இடத்தில் வயலின்கள் உயர்ந்து, நாம் என்ன உணர வேண்டும் என்று கட்டளையிடுகின்றன." இப்போது இரண்டு வகை வாசகர்களுக்கு இரண்டு வகைச் செய்தி கிடைக்கிறது. அமைதியான படங்களை விரும்புபவர் முன்பகுதிக்காகப் பார்ப்பார். எல்லாம் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும், உணர்ச்சி பொங்க வேண்டும் என்று விரும்புபவர் பின்பகுதிக்காகப் பார்ப்பார். "ஒருமுறை பார்க்கலாம்" என்ற வாக்கியத்துக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது.

காரணத்தைத் தேடும்போது எந்தத் துறையின் தலையில் எதைக் கட்டுவது என்பதில் நிதானம் தேவை. படம் மெதுவாக நகர்கிறது என்றவுடன் படத்தொகுப்பாளரைக் குறை சொல்வது வழக்கம். ஆனால் ஒரே செய்தியைத் திரும்பச் சொல்லும் காட்சிகள் திரைக்கதையில் எழுதப்பட்டிருந்தால், அவற்றை எவ்வளவு வெட்டினாலும் இழுவை தீராது. ஒளிப்பதிவைப் பற்றி எழுதும்போது 'ஒவ்வொரு சட்டகமும் ஓவியம்' என்பதைக் காட்டிலும், அந்த அழகு காட்சிக்கு உதவியதா, காட்சியிலிருந்து நம்மை வெளியே இழுத்ததா என்று கேட்பது பயன்தரும். இயக்கம் பற்றித் தனியாகத் தீர்ப்புச் சொல்வது இவற்றிலெல்லாம் கடினமானது, ஏனெனில் படப்பிடிப்புத் தளத்தில் யார் என்ன முடிவெடுத்தார் என்பது திரையில் தெரியாது. துறை தெரியாத இடத்தில் துறையின் பெயரைச் சொல்லாமல், கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள். 'எடிட்டிங் சரியில்லை' என்பதைவிட 'துரத்தல் காட்சியில் யார் எந்தப் பக்கம் ஓடுகிறார் என்பதை என்னால் பின்தொடர முடியவில்லை' என்பது நேர்மையாகவும் துல்லியமாகவும் இருக்கிறது. லாஜிக் ஓட்டை தேடுவதில் பலருக்கு ஒரு தனி இன்பம் இருக்கிறது. அதற்கும் ஓர் அளவுகோல் உண்டு: படம் தனக்கென்று வகுத்துக்கொண்ட விதியைத் தானே மீறினால் அது ஓட்டை, நம் உலகத்தின் விதியை மீறினால் அது அந்தப் படத்தின் உலகம்.

எதிர்பார்ப்பையும் படத்தின் நோக்கத்தையும் குழப்பிக்கொள்வதைத் தவிர்க்க, ஜெர்மானியக் கவிஞர் கதே 1821-இல் ஒரு நாடகத்தைப் பற்றி எழுதியபோது முன்வைத்த மூன்று கேள்விகள் இன்றும் உதவுகின்றன. படைப்பாளி எதைச் செய்ய முனைந்தார், அந்த நோக்கம் அறிவுக்கு உகந்ததா, அதை நிறைவேற்றுவதில் அவர் எவ்வளவு தூரம் வெற்றி பெற்றார் என்பவையே அவை. சிரிக்கவைக்க மட்டும் எடுக்கப்பட்ட படத்தில் சமூகச் செய்தி இல்லை என்று வருந்துபவர் முதல் கேள்வியையே கேட்கவில்லை. அதே நேரத்தில், 'இந்த வகைப் படத்தில் இதெல்லாம் சகஜம்' என்று எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கவும் வேண்டியதில்லை. இரண்டாவது கேள்வி இருப்பது அதற்காகத்தான்: நோக்கமே அற்பமாகவோ தீங்காகவோ இருந்தால், அது திறமையாக நிறைவேறியிருக்கிறது என்பதற்காக நீங்கள் கைதட்ட வேண்டிய கட்டாயமில்லை.

மதிப்பெண்

நட்சத்திரம் இடும் வழக்கம் ஏறக்குறைய நூறாண்டுப் பழமையானது. 1928 ஜூலை 31 அன்று நியூயார்க் டெய்லி நியூஸ் நாளிதழில் ஐரீன் தைரர் மூன்று நட்சத்திர அளவுகோலைத் தொடங்கினார். மூன்று என்றால் மிகச் சிறப்பு, இரண்டு என்றால் நன்று, ஒன்று என்றால் சுமார், நட்சத்திரமே இல்லையென்றால் படம் மோசம். கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு நிலைக்கும் என்ன பொருள் என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். இன்று மதிப்பெண் இடும் பெரும்பாலோர் தவறவிடுவது இதைத்தான். ஆகவே மதிப்பெண் இடத் தொடங்குமுன் உங்கள் அளவுகோலை எழுதி வையுங்கள். ஐந்துக்கு, அரை மதிப்பெண்களுடன் என்பது புதியவருக்குப் போதுமான நுட்பம் கொண்டது. ஐந்து என்றால் மீண்டும் மீண்டும் பார்ப்பேன், வற்புறுத்தியும் பரிந்துரைப்பேன். நான்கு என்றால் சிறு குறைகளோடு நிறைவு தந்தது. மூன்று என்றால் நேரம் வீணாகவில்லை. இரண்டு என்றால் நல்ல பகுதிகள் இருந்தும் மொத்தத்தில் கைகூடவில்லை. ஒன்று என்றால் முடித்ததே பெரிது என்பது போல உங்கள் சொற்களிலேயே அது இருக்கட்டும். பிறகு ஒவ்வொரு நிலைக்கும் நீங்கள் நன்கறிந்த பழைய படம் ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். புதிய படத்துக்கு எண் இடும்போது அந்தப் படத்துக்கு அருகில் வைத்துப் பார்த்தால் தடுமாற்றம் குறையும். 3.25, 3.75 என்றெல்லாம் இடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். 3.25-க்கும் 3.5-க்கும் என்ன வேறுபாடு என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் தாராளமாக இடலாம்.

கதைக்கு மூன்று, இசைக்கு நான்கு, நடிப்புக்கு நான்கு என்று தனித்தனியே போட்டுச் சராசரி எடுப்பது நியாயமான முறைபோலத் தோன்றும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். எல்லாத் துறையிலும் குறையில்லாமல் இருந்தும் நெஞ்சைத் தொடாத படங்கள் உண்டு. ஒரே ஒரு நடிகரின் முகத்தை நம்பி நின்று, மற்ற எல்லாக் குறைகளையும் மறக்கடித்த படங்களும் உண்டு. கூட்டிக் கழித்தால் இவ்விரண்டும் ஒரே எண்ணில் வந்து நிற்கும். மொத்த அனுபவத்துக்கு ஒரே எண்ணை இட்டு, பகுதிகளைப் பற்றிச் சொற்களில் சொல்லுங்கள்.

உங்கள் மதிப்பெண்கள் பெரும்பாலும் மூன்றுக்கு மேலேயே இருக்கின்றன என்று கண்டால் பதற வேண்டாம். தொழில்முறை விமர்சகர் வெளியாகும் படங்களில் தமக்கு ஒதுக்கப்பட்டதைப் பார்க்கிறார். நாமோ பிடிக்கும் என்று தோன்றுவதைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கிறோம், எனவே சராசரி உயரவே செய்யும். மேலும், எல்லாருடைய கையும் ஒரே அளவு தாராளமானதன்று. நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனம் 2006 முதல் 2009 வரை நடத்திய பத்து லட்சம் டாலர் பரிசுப் போட்டியில் வென்ற குழு, பயனர்களின் ரசனையைக் கணிக்குமுன், ஒவ்வொருவரும் வழக்கமாக எவ்வளவு கூட்டியோ குறைத்தோ மதிப்பெண் இடுபவர் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. உங்கள் அளவுகோலை அவ்வப்போது குறிப்பின் அடியில் சேர்த்துவிட்டால், வாசகரும் அதே கணக்கைப் போட்டுக்கொள்ள முடியும்.

பெரிய தளங்களின் எண்களோடு உங்கள் எண்ணை ஒப்பிடுவதற்கு முன் அவை எதை அளக்கின்றன என்று அறிந்துகொள்ளுங்கள். ராட்டன் டொமேட்டோஸ் காட்டும் விழுக்காடு படத்தின் தரத்தைக் குறிப்பதன்று. எத்தனை விமர்சகர்கள் படத்தைப் பற்றிச் சாதகமாக எழுதினார்கள் என்பதே அது. எல்லாரும் 'பரவாயில்லை' என்று சொன்ன படம் அங்கே நூறு விழுக்காடு பெற்றுவிடலாம். பாதிப்பேர் தலையில் வைத்துக் கொண்டாடி, மீதிப்பேர் வெறுத்த படம் ஐம்பதில் நின்றுவிடலாம். மெட்டாக்ரிட்டிக் விமர்சனங்களை நூற்றுக்கு இத்தனை என்று மாற்றி, சிலவற்றுக்குக் கூடுதல் எடை தந்து சராசரி எடுக்கிறது. ஐஎம்டிபி, கூட்டமாக வந்து குவியும் வாக்குகளின் தாக்கத்தைக் குறைக்கவென்று, நேர் சராசரிக்குப் பதிலாக எடையிட்ட சராசரியைக் காட்டுகிறது. இந்த எண்கள் தமக்குள்ளேயே ஒத்துப்போவதில்லை. அவற்றோடு நீங்கள் ஒத்துப்போகாததில் வியப்பில்லை.

நட்சத்திரங்களைக் குறிப்பின் தலையில் வைப்பதா, காலில் வைப்பதா என்பதிலும் எனக்கு ஒரு சார்பு உண்டு: கடைசியில் வையுங்கள். எண்ணை முதலில் பார்த்துவிட்டவர் சொற்களை அந்த எண்ணுக்கான சாட்சியமாக மட்டுமே படிப்பார்.

வெளியிடும் முன்

படத்தில் பணியாற்றியவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தாலோ, இலவச அனுமதியில் பார்த்திருந்தாலோ அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நடிகர்களின் உடலமைப்பு, சொந்த வாழ்க்கை, அரசியல் நிலைப்பாடு ஆகியவற்றைத் தொடும் வாக்கியங்களை நீக்குங்கள். திரையில் தெரியும் நடிப்பு மட்டுமே உங்கள் எல்லை. படம் எவ்வளவு வசூலித்தது என்பது ஒரு செய்திதானே தவிர உங்கள் கருத்து ஆகாது. 'இதையெல்லாம் எப்படித்தான் ரசிக்கிறார்களோ' என்று மற்ற பார்வையாளர்களைச் சாடும் வரி ஏதேனும் இருந்தால் அதை எடுத்துவிட்டு, உங்களால் ஏன் ரசிக்க முடியவில்லை என்று எழுதுங்கள். பார்க்காத படத்துக்கு, அதைச் சுற்றியுள்ள சண்டையில் ஒரு பக்கம் நிற்பதற்காக, ஒன்றோ ஐந்தோ இடும் பழக்கத்தில் இறங்கவே வேண்டாம்.

நான்கைந்து படங்களைச் சேர்த்து வெளியிடும்போது எல்லாவற்றுக்கும் ஒரே நீளம் தர வேண்டும் என்பதில்லை. சொல்வதற்கு அதிகம் இருக்கும் படத்துக்கு இருநூறு சொற்களும், மறந்துபோன படத்துக்கு ஒரு வரியும் தருவதே ஒருவகை மதிப்பீடுதான். ஒவ்வொன்றின் தலைப்பிலும் படத்தின் பெயர், வெளியான ஆண்டு, இயக்குநர், மொழி, நீங்கள் பார்த்த நாள் ஆகியவை இருக்கட்டும். ஒரே பெயரில் பல படங்களும் ரீமேக்குகளும் இருப்பதால் ஆண்டு இல்லாத குறிப்பு சில மாதங்களிலேயே குழப்பம் தரத் தொடங்கும். பின்னாளில் அதே படத்தை மறுபடியும் பார்த்து உங்கள் எண்ணம் மாறினால், பழைய மதிப்பெண்ணை அழிக்காமல், அதன் கீழே புதிய நாளையும் புதிய எண்ணையும் எழுதி, எந்தக் காட்சி இம்முறை வேறுவிதமாகத் தெரிந்தது என்பதையும் சேர்த்துவிடுங்கள்.